நாலு மணிக்கு மேல் மிரளும் குமிழ்: ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸுடன் மூன்று ஆண்டுகள்

வீட்டிலேயே பாட்டும் பேச்சும் பதிய இரண்டு உள்ளீடு இருக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கடத்தும் பெட்டி) போதுமா, போதுமென்றால் உன்னிடம் இருக்கும் அதே பெட்டியை வாங்கலாமா, இப்போது விலை வேறு இறங்கியிருக்கிறதாமே என்று நண்பர் கேட்டார். போதுமா என்பதற்குப் பதில் சுலபம்: தாராளமாகப் போதும். வாங்கலாமா என்பதற்குத்தான் இத்தனை நீளம். பெட்டியின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொதுவான குறை இது; ஒன்றை மட்டும் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

குறை கெயின் குமிழில், அதாவது மைக்கின் மெல்லிய சமிக்ஞையை எத்தனை பெருக்க வேண்டும் என்று வைக்கும் குமிழில், இருக்கிறது. கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால் குமிழ் 7 மணியில் தொடங்கி 5 மணியில் முடிகிறது. மொத்தம் 56 டெசிபல் கெயின் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அது பொய்யில்லை, முழுதாகவே தருகிறது. ஆனால் 7-லிருந்து 4 வரை சாதுவாக நடந்து 38 டெசிபலுக்கு வந்து சேரும் குமிழ், மிச்சம் 18-ஐயும் 4-க்கும் 5-க்கும் நடுவில் தாவிக் கடந்துவிடுகிறது. அந்த இடத்தில் மயிரிழை திருப்பினால் 3 டெசிபல், கை கொஞ்சம் தடித்துவிட்டால் 6. மின்சாரம் கொடுத்தால் இயங்கி உரத்த சமிக்ஞை தரும் கண்டன்சர் மைக் வைத்திருப்பவர் இதை ஆயுசுக்கும் கவனிக்க மாட்டார், அவர் வேலை 25, 30 டெசிபலில் முடிந்துவிடும். மின்சாரம் வேண்டாத, மெல்லிய சமிக்ஞையே தரும் டைனமிக் மைக் வைத்திருப்பவருக்குக் குடியிருப்பே அந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள்தான்.

எல்லா டைனமிக் மைக்கும் ஒரே பசி கொண்டவை அல்ல. 94 டெசிபல் ஒலி அழுத்தத்துக்கு ஷூர் எஸ்எம்58 ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது, எஸ்எம்7பி 1.12 மில்லிவோல்ட்தான். வித்தியாசம் 4 டெசிபலுக்குச் சற்று மேல். எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 56 டெசிபல் பெட்டியோடு அதை ஜோடி சேர்த்துவிட்டு, "ஒலி வரவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவோர் ஏராளம். மைக் வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

குமிழ் ஏன் இப்படி? இந்த மாதிரி பிரீஆம்ப்பில், அதாவது மைக் சமிக்ஞையைப் பெருக்கும் சுற்றில், குமிழ் ஒரு மின்தடையை மாற்றுகிறது. தடை குறையக் குறையக் கெயின் ஏறும். தடையைப் பாதியாக்கினால்தான் 6 டெசிபல் கூடும். 10,000 ஓமில் தொடங்குகிற நேர்கோட்டு பொட்டென்ஷியோமீட்டரை (திருப்பத்துக்கு ஏற்ப ஒரே சீராகத் தடை மாறும் குமிழ்ப் பாகம்) வைத்தால் பாதித் திருப்பத்தில் 5,000 ஓம், கூடியது வெறும் 6 டெசிபல். பத்தில் ஒன்பது பங்கு திருப்பிய பிறகு 1,000 ஓம், அப்போதும் 20 டெசிபல்தான். மீதி முழுக்கக் கடைசி நூலிழையில். இதைச் சமன் செய்யத்தான் முதலில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் தடை குறையும் தலைகீழ் லாக் வளைவு கொண்ட பொட்டென்ஷியோமீட்டர் போடுகிறார்கள். மலிவானவற்றில் அந்த வளைவு உண்மையான வளைவே இல்லை. இரண்டு மூன்று நேர்கோட்டுத் துண்டுகளை ஒட்டி வைத்த பூச்சு. கடைசித் துண்டில் ஒட்டு விட்டுப்போகிறது, நம் விரல் அதைக் கண்டுபிடிக்கிறது. படிப்படியாகச் சொடுக்கும் குமிழோ, மென்பொருளில் ஒவ்வொரு டெசிபலாக ஏற்றும் வசதியோ இருக்கும் பெட்டிகளில் இந்தத் தொல்லையே கிடையாது.

திட்டித் தீர்த்தாயிற்று, நியாயத்துக்கும் வருவோம். அந்தக் கடைசி 10 டெசிபலுக்கு உண்மையில் அவசியமே இல்லை. பெட்டியின் பிரீஆம்ப் இரைச்சல் உள்ளீட்டுக் கணக்கில் மைனஸ் 128 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு). கெயின் பூஜ்யத்தில் வைத்தால் பிளஸ் 10 டிபியூ வரை தாங்கும். முழு 56-ல் வைத்தால் பிரீஆம்ப்பின் சொந்த இரைச்சல் டிஜிட்டல் உச்சவரம்புக்கு (அதைத் தாண்டினால் அலை வெட்டுப்படும்) 82 டெசிபல் கீழே நிற்கும். கெயினை 45-க்கு இறக்கினால் அதே இரைச்சல் 93 டெசிபல் கீழே போய்விடும், குரலும் கூடவே 11 டெசிபல் இறங்கும். ஒலியை எண்களாக்கும் 24 பிட் கன்வெர்ட்டரின் சொந்த இரைச்சல் உச்சவரம்புக்கு ஏறத்தாழ 110 டெசிபல் கீழே இருப்பதால் அது இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாலும் காதுக்குத் தெரியாது. ஆக, குமிழை முட்டத் திருப்பாமல் 45-லேயே நிறுத்திப் பதிந்துவிட்டு, குறைந்த 11 டெசிபலை மென்பொருளில் ஏற்றினால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கும். அலைவடிவம் திரையில் ஒல்லியாகத் தெரிவதைப் பார்த்துப் பதறி குமிழை முட்டத் திருப்புவது 16 பிட் காலத்துப் பழக்கம்.

எனவே அமைக்கும் முறை இது. ஹெட்ஃபோன் ஒலியை இறக்கிவிட்டு, பாட்டின் மிக உரத்த வரியை, பாடும்போது எத்தனை உரக்கப் பாடுவீர்களோ அத்தனை உரக்கப் பாடுங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12-ஐ, அதாவது உச்சவரம்புக்கு 12 டெசிபல் கீழே, தொட்டால் போதும். டைனமிக் மைக்கில் பேச்சு என்றால் மைனஸ் 20 வந்தாலும் குற்றமில்லை. ஒத்திகையில் இருப்பதைவிட உண்மையான டேக்கில் 3, 4 டெசிபல் ஏறுவது வழக்கம், அதற்கும் இடம் வேண்டும். கோப்பை 32 பிட் ஃப்ளோட்டில் (உச்சவரம்பைத் தாண்டிய எண்களையும் வைத்துக்கொள்ளும் வடிவம்) சேமித்தால் உச்சத்தில் முட்டினாலும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கன்வெர்ட்டர் 24 பிட் என்றால் முட்டியது முட்டியதுதான். வெட்டுப்பட்ட அலையைத்தான் அந்தக் கோப்பும் பத்திரமாக வைத்திருக்கும்.

இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோ பதியும்போதுதான் குமிழ் மறுபடி பல்லைக் காட்டும். இரண்டு குமிழும் 4:15-ல் நின்றாலும் சேனல்களுக்குள் 3 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். கண்ணை நம்ப வேண்டாம். கைபேசியில் 1 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, மைக்குக்கு ஒரு அடி தள்ளி அசையாமல் வையுங்கள். முதல் சேனல் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே மைக், அதே கேபிளை இரண்டாம் சேனலுக்கு மாற்றி அதே எண் வரும்வரை திருப்புங்கள். மாற்றும் முன் 48 வோல்ட் ஃபான்டமை (பெட்டி கேபிள் வழியாகக் கண்டன்சர் மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) அணைத்துவிட்டுச் சில நொடி பொறுக்க வேண்டும். பிறகு முகப்பில் காகித டேப் ஒட்டிப் பேனாவால் கோடு. மூன்று ஆண்டுகளாக இந்தப் பெட்டியின் முகத்தில் அந்த டேப் இருக்கிறது, அழகு கெட்டுப்போனதுதான் மிச்சம்.

குமிழோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பூஸ்டர் போடுகிறார்கள். கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 25 டெசிபல் வரை தரும். பெட்டியின் ஃபான்டம் மின்சாரத்தில் இயங்கும், அதை மைக்குக்குக் கடத்தாது. கண்டன்சர் மைக்கை அதில் செருகினால் ஊமை. நல்ல மருந்துதான். குமிழ் ஒழுங்காக இருந்தால் தேவைப்படாத மருந்து என்பதுதான் எரிச்சல்.

இனி மென்பொருள். இங்கே எதிர்பாராத சந்தோஷம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம் என்பதற்காக. தங்கிவிட்டது அதன் எடையின்மைக்காக. நாலு நிமிட ஸ்டீரியோ பாட்டு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 69 எம்பி. ரீப்பரின் நிறுவுகோப்பு அதைவிடச் சிறியது. பேச்சை மட்டும் வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும், ஆப்பிள் கணினி உள்ளவர்களுக்கு கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது. பல டிராக் பாடி, அதைக் கேட்டுக்கொண்டே மேலே பாடுவதென்றால் ஏசியோ டிரைவரோடு (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் வகை) நன்றாகப் பேசும் மென்பொருள் வேண்டும்.

விண்டோஸில் முதல் வேலை பெட்டியின் சொந்த ஏசியோ டிரைவரை நிறுவுவது, அதன் பிறகே கேபிளைச் செருகுவது. ஏசியோ4ஆல் என்பது சொந்த டிரைவர் இல்லாத ஒலி அட்டைகளுக்கான மாற்று வழி. சொந்த டிரைவர் இருக்கும்போது அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஏசியோவைத் தேர்ந்து, சாம்பிள் வேகம் 48000, பிளாக் அளவு (ஒரே மூச்சில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128 என்று கொடுங்கள். 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி, போய் வர, கன்வெர்ட்டரும் யுஎஸ்பியும் எடுத்துக்கொள்வது சேர்த்து 10-ஐ ஒட்டி வரும். ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. மிக்சிங்கில் பிளக்இன் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) அடுக்கும்போது 1024-க்கு ஏற்றிவிடலாம். விண்டோஸ் ஒலி அமைப்பில் 44100 என்றும் ரீப்பரில் 48000 என்றும் இருந்தால் பொரிபொரியென்று சத்தம் வரும். டிரைவரைக் குறை சொல்லும் முன் அந்த இரண்டையும் ஒன்றாக்குங்கள். குரல் இரட்டையாக, குழாய்க்குள் பேசுவது போலக் கேட்டால் மைக்கை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் பெட்டியின் டைரக்ட் மானிட்டரும், கணினி வழியாகத் திருப்பி அனுப்பும் டிராக்கின் மானிட்டரும் ஒருசேரத் திறந்திருக்கின்றன. ஏதாவது ஒன்றை மூடினால் சரியாகிவிடும்.

ஹெட்ஃபோன் பின்பக்கம் மூடியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தாளம் மைக்குக்குள் கசியும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ போன்றவை 32, 80, 250 ஓமில் வருகின்றன. யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் சிறு பெட்டிக்கு 250 ஓம் வாங்கினால் ஒலி முனகலாகத்தான் இருக்கும்.

இப்போது ரிப்பேர். முதல் சேனல் குமிழ் திருப்பும்போதெல்லாம் கரகரத்தது. முதல் சிகிச்சை, பொட்டென்ஷியோமீட்டருக்கென்றே வரும் கான்டாக்ட் கிளீனர்: மின்சாரத்தைத் துண்டித்து, குமிழ்த் தண்டின் இடைவெளியில் ஒரே பீச்சு, பிறகு முனைக்கு முனை முப்பது தடவை திருப்பல், நன்றாக உலரவிடல். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது, அது தூசியைச் சேர்த்துவைக்கும். கிளீனருக்கும் அடங்காத கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் குமிழோடு தொடராக நிற்கும் மின்பகு கெபாசிட்டர். அது கசிந்தால் குமிழ் வழியாக நேர்மின்சாரம் போகும், திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். இதே கெபாசிட்டர் வயதாகி வற்றினால் இன்னொரு நோயும் வரும்: குமிழ் 10 ஓமில் நிற்கையில் 1000 மைக்ரோஃபாரட் இருந்தால் தாழ்சுர வெட்டு 16 ஹெர்ட்ஸில், அது 300-க்கு இறங்கிவிட்டால் 53 ஹெர்ட்ஸில். அதாவது உச்ச கெயினில் மட்டும் குரலின் அடிச்சதை கரையும், கீழ் கெயினில் ஒன்றும் தெரியாது. இந்தப் பெட்டியில் குமிழையும் கெபாசிட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. புதுக் குமிழும் 4 மணிக்கு மேல் அதே தாவல்தான்.

ஒலி சுத்தம், டிரைவர் ஒருநாளும் படுத்ததில்லை, உடல் இரும்பு, 45 டெசிபலுக்குள் இருந்தால் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். கண்டன்சர் மைக் மட்டுந்தான் என்றால் வாங்கலாம். அவர் கையில் இருப்பது எஸ்எம்7பி. அப்படியானால் உன்னுடையதை என்ன செய்யப்போகிறாய், விற்கிறாயா என்று கேட்டார். விற்கப் போவதில்லை. டேப் பழசாகி ஓரம் பிரிந்திருக்கிறது, இந்த வாரம் புதிதாக ஒட்டி இரண்டு சேனலையும் மறுபடி அளந்து கோடு போட வேண்டும்.