பருவுக்கு எது: டீ ட்ரீ எண்ணெயா, பென்சாயில் பெராக்சைடா?

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடில் அழகுப்பொருள் கடையில் நின்று முகப்பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்றால், பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் டீ ட்ரீ எண்ணெய் வரும்; ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. நாலு கடை தள்ளி மருந்துக்கடையில் அதையே கேட்டால் பருக் கிருமியைக் கொல்லும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு ஜெல் ட்யூபை எடுத்து வைப்பார்கள். முன்னது இயற்கை, பின்னது ரசாயனம் என்று சொல்லி முடிவெடுத்துவிடுகிறவர்களே அதிகம். அந்தப் பிரிவினையால் தோலுக்குக் காலணா பயன் கிடையாது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை ஒன்று உண்டு. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல் அல்லது 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது. ஆனால் வறட்சி, எரிச்சல் என்ற புகார் அந்தப் பக்கம் குறைவு. எண்ணெய்க்காரர்கள் கொடி பிடிப்பது இதை வைத்துத்தான். பிடிக்கட்டும். சோதித்தது 5 சதவீத ஜெல்லை. குப்பியில் விற்பதோ பெரும்பாலும் கலப்பில்லாத எண்ணெய். அதை அப்படியே முகத்தில் வைத்தால் தோல் சிவந்து உரியலாம்.

கலந்து தடவலாமே என்பீர்கள். நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கக்கூடியது. சோற்றுக்கற்றாழை ஜெல்லில் விட்டால்? எண்ணெய் நீரில் கரையாது. எவ்வளவு குழைத்தாலும் சின்னத் துளிகளாக ஒதுங்கி நிற்கும். அந்தத் துளி படும் இடத்தில் தோலுக்குக் கிடைப்பது கலக்காத எண்ணெய்தான். எனவே டீ ட்ரீ வேண்டுமென்றால் அளவு குறிப்பிட்ட தயார் ஜெல்லாக வாங்குவதே மேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. திறந்த குப்பியில் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து எண்ணெயை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்யும். அப்போது உருவாகும் பெராக்சைடுகளும் அஸ்காரிடோல் என்ற சேர்மமும்தான் ஒவ்வாமையைத் தூண்டுவதில் முன்னணியில் நிற்பவை. தண்டையார்பேட்டையில் தகர ஷீட் போட்ட மாடி அறையில், மே மாதத்தில், ஜன்னலோரம் வைத்த குப்பி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது.

பென்சாயில் பெராக்சைடும் சாதுவல்ல. தலையணை உறை, துண்டு, பள்ளிச் சீருடையின் காலர் என்று பட்ட இடமெல்லாம் சாயத்தை வெளுத்துவிடும். முதல் சில வாரங்கள் முகம் வறண்டு தோல் உரியும். 10 சதவீதம் வாங்கினால் வேகம் கூடும் என்பது வீண் நம்பிக்கை, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது. இதற்கும் வெப்பம் ஆகாது. சூட்டில் சிதைந்து புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் உருவாகலாம் என்பதால், 2025-ல் அமெரிக்காவில் சில தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. சோதித்தவற்றில் பெரும்பாலானவற்றில் அளவு மிகக் குறைவாகவோ கண்டறிய முடியாததாகவோதான் இருந்தது.

என் ஓட்டு 2.5 சதவீத ட்யூபுக்கு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டீ ட்ரீ ஜெல் நியாயமான மாற்று. எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கட்டி கட்டியாகப் பழுத்து, தழும்பு விழும் பருவுக்கு இரண்டும் போதாது. ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்விடுவதே நல்லது.

அதே அலமாரியில் லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்க் குப்பிகளும் இருக்கும். லாவெண்டர் வாசனைக்குச் சரி, பருவுக்கு அதை நம்பிச் செலவழிக்க மாட்டேன். எலுமிச்சையைத் தொடவே வேண்டாம். எலுமிச்சைப் பழத் தோலிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் பூசிய இடம் கொப்பளித்துக் கருத்துப்போகலாம். கரும்படை மறைய மாதங்கள் ஆகும். மணலிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.