வீட்டிலும் மேடையிலும் ஒரே ஒயர்: டிஜிட்டல் கிட்டார் செட்டப்பும் கேபிள்களும், 4 வருட அனுபவம்

4 வருடங்களுக்கு முன் லைன் 6 கம்பெனியின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற டிஜிட்டல் கிட்டார் பெட்டியை வாங்கியபோது, இனி ஒயர் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது என்று நினைத்தேன். ஆம்ப், ஏழெட்டுப் பெடல்கள், அவற்றை இணைக்கும் குட்டி ஒயர்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விட்டன. கிட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒன்று, பெட்டியிலிருந்து மிக்சருக்கு ஒன்று. அவ்வளவுதான் வேண்டும்.

முதல் கச்சேரி ஒரு கல்யாண ரிசப்ஷன். அதற்காக மூன்று இரவுகள் உட்கார்ந்து ஒரு கிளீன் பிரீசெட் (பெட்டியில் சேமித்துவைக்கும் ஒலி அமைப்பு) செய்திருந்தேன். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு தந்தியும் மணி மாதிரி கேட்டது. மேடையில் அதே பிரீசெட், அதே கிட்டார், ஆனால் சத்தம் போர்வை போர்த்தியதுபோல் மந்தமாக இருந்தது. மண்டபத்து ஸ்பீக்கர்தான் காரணம் என்று நினைத்து, மைக்செட் அண்ணனிடம் ட்ரெபிளைக் கூட்டச் சொன்னேன். அடுத்தடுத்த நான்கைந்து நிகழ்ச்சிகளிலும், வேறு வேறு மண்டபங்களிலும், இதே மந்தம். அப்போதுதான் மாறாமல் இருந்த ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டில் நான் பயன்படுத்தியது 3 மீட்டர் ஒயர். மேடையில் நடமாட வசதியாக இருக்கட்டும் என்று எடுத்துப்போனது 10 மீட்டர் ஒயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சோதித்துப் பார்த்தேன். பெட்டியை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, எந்த எஃபெக்டும் இல்லாமல், ஒரே வாசிப்பை முதலில் 3 மீட்டரிலும் அப்புறம் 10 மீட்டரிலும் பதிவு செய்தேன். பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது. வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கி வாசித்தபோது இன்னும் அதிகமாகக் கேட்டது. நண்பரின் ஆக்டிவ் பேஸ் கிட்டாரை (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சிறு ஆம்ப் உள்ளது) மாட்டி அதே சோதனையைச் செய்தபோது எந்த வித்தியாசமும் என் காதுக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். சாதாரண கிட்டார் பிக்கப் ஒரு கம்பிச்சுருள். அதற்கு இன்டக்டன்ஸ் அதிகம். ஒயருக்குள் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய கம்பிப் பின்னலான ஷீல்டும் சேர்ந்து ஒரு சிறு கெபாசிட்டர்போல் நடந்துகொள்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபில்டர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சத்தம் சற்றுத் தூக்கலாகும், அதற்கு மேலே விழுந்துவிடும். ஒயர் நீள நீள அந்தப் புள்ளி கீழே இறங்கும். என் கணக்கு இது: ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இன்டக்டன்ஸ் 2.4 ஹென்றி, அதன் சொந்தக் கெபாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட், மீட்டருக்கு 130 பிகோஃபாரட் உள்ள ஒயர். 3 மீட்டரில் அந்தத் தூக்கல் சுமார் 4,600 ஹெர்ட்ஸில் வரும். 6 மீட்டரில் 3,500. 10 மீட்டரில் 2,700. கிட்டாரின் மினுமினுப்பு இருப்பதே இந்தப் பகுதியில்தான்.

டிஜிட்டல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பழைய ஆம்ப்காரர் மேடைக்குப் போய், காதால் கேட்டு, குமிழைத் திருகிச் சரிசெய்துகொள்வார். நாமோ வீட்டில் சேமித்த பிரீசெட்டை நம்பி மேடை ஏறுகிறோம். அந்த பிரீசெட்டுக்குள் நம் வீட்டு ஒயரும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒயர் மாறினால் பிரீசெட்டும் மாறிவிடும். விலை உயர்ந்த ஒயரைத் தேடுவதைவிட, பிரீசெட் செய்யும்போதும் கச்சேரியிலும் ஒரே நீளம், ஒரே ரகம் என்று வைத்துக்கொள்வது எனக்குப் பல மடங்கு பலன் தந்தது. இப்போது எல்லா இடத்திலும் 6 மீட்டர்தான். என் பிரீசெட்டுகள் எல்லாவற்றையும் அந்த ஒயரில் கேட்டு மறுபடி செய்தேன்.

இந்த விதி கிட்டாருக்கும் முதல் மின்னணுச் சாதனத்துக்கும் இடையே உள்ள ஒயருக்கு மட்டும்தான். எச்எக்ஸ் ஸ்டாம்பின் உள்ளே நுழைந்தபின் சிக்னல் வலுவாகிவிடுகிறது. அங்கிருந்து வெளியே போகும் ஒயர் 10 மீட்டர் இருந்தாலும் இந்த மந்தம் வராது. பெட்டிக்கு முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாக்கித் தரும் சுற்று) உள்ள பெடல் வைத்திருந்தால், அதற்குப் பிறகு வரும் ஒயருக்கும் கவலை இல்லை. ஆகவே ஒயருக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த முதல் ஒயருக்குப் போகட்டும்.

அந்த முதல் ஒயர் விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தேன். அழகான துணிப்பின்னல் உறை, முனையில் செருகும் பின்னுக்குத் தங்க முலாம், நல்ல விலை. ஏழாவது மாதம் பின்னுக்கு அருகே கம்பி அறுந்தது. பின் முழுக்க அச்சில் வார்த்த ரப்பர் என்பதால் திறக்கவே முடியவில்லை, வெட்டிப் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மறையைக் கழற்றித் திறக்க முடிகிற பின் உள்ள ஒயரை மட்டுமே வாங்குகிறேன். இப்போது பயன்படுத்துவது நானே பற்றவைத்தது: ஜப்பானிய மொகாமி 2524 ஒயர், இரண்டு முனையிலும் நியூட்ரிக் பின். கேனரே ஜிஎஸ்-6 ஒயரிலும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அது மீட்டருக்கு 160 பிகோஃபாரட், மொகாமியைவிடக் கொஞ்சம் இருட்டான சத்தம். டிஸ்டார்ஷன் அதிகம் வைத்து வாசிப்பவர்களுக்கு அதுவே இதமாக இருக்கலாம். கெபாசிட்டன்ஸ் குறைந்த ஒயர்தான் நல்ல ஒயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

நீங்களே பற்றவைப்பதானால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஷீல்டுப் பின்னலைப் பிரித்ததும், நடுக்கம்பியின் உறைமேல் கறுப்பாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அடுக்கு இருக்கும். பார்க்க இன்சுலேஷன் மாதிரிதான் தெரியும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஒயரை மிதித்தால், அசைத்தால் வரும் சரசர ஓசையைத் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதை நாலைந்து மில்லிமீட்டர் பின்னோக்கி உரித்துவிட வேண்டும். நடுக்கம்பியையோ பின்னின் நடுமுனையையோ அது தொட்டால் சிக்னல் ஷீல்டுக்குக் கசியும், சத்தம் சுருங்கி மந்தமாகும். நானே பற்றவைத்த முதல் முயற்சி இப்படித்தான் வீணானது. மல்டிமீட்டரில் ஷார்ட் காட்டும் பீப் ஒலி வரவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். பீப் மட்டும் போதாது, ஓம்ஸில் வைத்து நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்த எண்ணும் காட்டக்கூடாது.

இனி பெட்டியிலிருந்து வெளியே. கடையில் கேட்கும்போது பெயர் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கால் அங்குல பின்னை பி-38 என்பார்கள். அதில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் பின்னைக் கேனன் என்று கேட்டால்தான் உடனே எடுத்துத் தருவார்கள். பெட்டியின் வெளிவழியும் மிக்சரின் உள்வழியும் பேலன்ஸ்டாக (ஷீல்டு போக இரண்டு கம்பிகள் உள்ள முறை) இருந்தால், ஸ்டீரியோ பி-38 ஒரு முனையிலும் கேனன் மறு முனையிலும் உள்ள ஒயர் போதும். இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும் வெளி இரைச்சலை, மிக்சர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து நீக்கிவிடும். சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் சுற்றி இருக்கிற மேடையில் இது பெரிய உதவி.

ஆனாலும் நான் அப்படி நேரடியாகச் செருகுவதை விட்டுவிட்டேன். இரண்டு காரணங்கள். சிறிய மிக்சர்களில், கண்டன்சர் மைக்குக்கு ஒயர் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்துக்கு எல்லா மைக் வழிகளுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான் இருக்கும். தபேலாவுக்கு ஒரு கண்டன்சர் மைக் வைத்தால், அந்த 48 வோல்ட் கேனன் ஒயர் வழியாக என் பெட்டிக்கும் திரும்பி வரும். இது முதல் காரணம். இரண்டாவது, ஒரு திருவிழா மேடையில் நடந்தது. கரோக்கி டிராக் ஓட்ட லேப்டாப்பைப் பெட்டியோடு யுஎஸ்பியில் இணைத்திருந்தேன். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ஒரு உறுமலும், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஒரு கீச்சொலியும் கிளம்பின. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. லேப்டாப் ஒரு வழியாகவும் மிக்சர் இன்னொரு வழியாகவும் எர்த்தோடு சேர்ந்து, நடுவில் என் ஒயரின் ஷீல்டு ஒரு வளையமாகிவிட்டது. பேட்டரி தீரும்வரை சார்ஜர் இல்லாமலேயே அன்று ஒப்பேற்றினோம்.

உதவிக்கு வந்த ஒருவர் சார்ஜர் பின்னின் மூன்றாவது காலை வெட்டிவிடலாம் என்றார். அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஏதாவது ஒரு சாதனத்தில் மின்கசிவு வந்தால், அந்த மின்சாரம் தந்தியில் கை வைத்து, மைக்கில் உதடு வைத்துப் பாடுகிறவரின் உடல் வழியாகத்தான் போகும். உயிர் போகும் விஷயம். மூன்றாவது கால் உயிர்காப்பு, இரைச்சலுக்கு வழி வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த வழி, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ்: கிட்டார் சிக்னலை மிக்சரின் கேனன் வழிக்கு ஏற்றபடி மாற்றும், மின்சாரம் தேவைப்படாத சிறு பெட்டி. பெட்டியிலிருந்து அதற்கு 1 மீட்டர் மோனோ பி-38 ஒயர், அதிலிருந்து கேனன். உள்ளே இரண்டு சுருள்களும் நேரடியாகத் தொடாமல் இருப்பதால் ஃபேன்டம் இந்தப் பக்கம் வருவதில்லை. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் வளையம் அறுந்து உறுமலும் நிற்கும். ஒரே ஒரு கவனிப்பு: விலை குறைந்த டிஐ பாக்ஸுக்கு லைன் லெவல் என்ற வலுவான அளவில் அனுப்பினால், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் தாழ்ந்த சுரங்கள் கரகரக்கும். பெட்டியின் வெளிவழியைக் குறைந்த அளவான இன்ஸ்ட்ருமென்ட் லெவலுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒலிக்காக நான் செய்த செலவில் மிகவும் திருப்தி தந்தது இந்த டிஐ பாக்ஸ்தான்.

பவர் ஆம்ப் தனியாக வைத்துச் சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொடுப்பவர்கள், அந்த இடத்தில் கிட்டார் ஒயரைச் செருகிவிடக் கூடாது. பின் ஒன்றுதான், பொருந்தவும் செய்யும், ஆனால் நடுக்கம்பி மெலிசு. சூடாகும், ஆம்புக்கும் ஆபத்து. அங்கே தடித்த இரட்டைக் கம்பி உள்ள ஸ்பீக்கர் ஒயர்தான் வேண்டும். உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கருக்கு இது பொருந்தாது, அதற்கு லைன் ஒயர்.

யுஎஸ்பி ஒயரில் சத்தத்தின் தரம் எதுவும் இல்லை. தகவல் முழுசாகப் போகும், இல்லாவிட்டால் டிக் டிக் என்று அறுந்து கேட்கும். நான் 5 மீட்டர் மலிவு ஒயர் ஒன்றைப் போட்டு அந்த டிக் டிக்கைக் கேட்டேன். 2 மீட்டர் பிரின்டர் கேபிள் வாங்கி மாட்டியதும் போய்விட்டது. சாதனங்களுக்கு இடையே கட்டளைகளைக் கொண்டுபோகும் மிடி ஒயரும் அப்படியே, 15 மீட்டருக்குள் இருந்தால் எந்தக் குறையும் இல்லை. காலால் அழுத்தி ஒலியை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு மட்டும் மோனோவா ஸ்டீரியோவா என்று அதன் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி முனைகளின் வரிசை மாறுகிறது.

பராமரிப்பைக் கற்றுத் தந்தவர் ஒரு மைக்செட் அண்ணன். கச்சேரி முடிந்து நான் ஒயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே இறுக்கிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அப்படிச் சுத்தாதீங்க, உள்ள கம்பி முறுக்கிக்கிட்டுச் செத்துப்போகும்” என்று கையிலிருந்து வாங்கி, ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி, மாற்றி மாற்றிச் சுற்றிக் காட்டினார். அப்படிச் சுற்றிய ஒயர் வீசினால் சிக்கில்லாமல் நேராக விழுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மாதம் ஒரு முறையே துடைக்கலாம், உப்புக் காற்றில் பின் சீக்கிரம் மங்கிவிடுகிறது.

மொகாமி ஒயரில் அதே 6 மீட்டரில் இரண்டாவதாக ஒன்று செய்து கிட்டார் பையிலேயே வைத்திருக்கிறேன். போன டிசம்பரில், இரண்டாவது பாட்டின் நடுவே, முதல் ஒயரின் பின்னில் ஈயப்பற்று விட்டுப்போனது. பல்லவி திரும்ப வருவதற்குள் மாற்றி மாட்டினேன். ஒரு குமிழைக்கூடத் திருகவில்லை, பிரீசெட் அப்படியே கேட்டது. பழையதை மறுநாள் காலை திறந்து, பத்து நிமிடத்தில் பற்றவைத்துப் பையில் போட்டுவிட்டேன்.