என்எச்90 ஹெலிகாப்டர் ரிவ்யூ: சின்ன நாடு இத நம்பி வாங்கலாமா?

2022 ஜூன் 10ஆம் தேதி நார்வே பாதுகாப்பு அமைச்சர் பியோர்ன் ஆரில்ட் கிராம் ஒரு அறிவிப்பு விட்டாரு. 2001ல ஆர்டர் பண்ண 14 என்எச்90 ஹெலிகாப்டரும் இனிமே வேண்டாம், வந்தத எல்லாம் திருப்பி எடுத்துக்கோங்க, நாங்க கட்டின சுமார் 500 கோடி க்ரோனர திருப்பிக் குடுங்க, இதான் விஷயம். எங்க டெக்னீஷியன்ஸ் எவ்ளோ நேரம் உழைச்சாலும் எவ்ளோ ஸ்பேர் வாங்கினாலும் இது எங்க தேவைக்கு வராதுங்கற அர்த்தத்துல அவர் பேசினத படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா இது ஒண்ணும் ஊர் பேர் தெரியாத கம்பெனி செஞ்ச சரக்கு இல்ல.

நான் இத ஓட்டினவனும் இல்ல, ராணுவத்துல இருந்தவனும் இல்ல. சின்ன நாடுங்க ஆயுதம் வாங்கி மாட்டிக்கிற கதைய ரொம்ப காலமா விடாம படிச்சிட்டு வரேன், அதனால இந்த ரிவ்யூ முழுக்க ஒரு சின்ன நாட்டு கஸ்டமர் பக்கம் இருந்துதான். பிரான்ஸ், இத்தாலி மாதிரி பெரிய நாட்டுக்கு இதோட கணக்கே வேற.

முதல்ல சரக்கு என்னன்னு சொல்லிடறேன். தயாரிக்கறது என்எச் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு கூட்டுக் கம்பெனி, அதுல ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் 62.5 சதவீதம், இத்தாலியோட லியோனார்டோ 32, நெதர்லாந்து ஃபோக்கர் 5.5. முதல் தடவ பறந்தது 1995 டிசம்பர். கிட்டத்தட்ட பத்தரை டன் வரைக்கும் எடையோட கிளம்பும், ராணுவ மாடல்ல 20 வீரருங்க உக்காரலாம். உடம்பு முழுக்க காம்போசிட், அதாவது உலோகத்துக்கு பதிலா நாரும் பிசினும் சேத்து செஞ்ச பொருள், அப்புறம் ஃப்ளை-பை-வயர், அதாவது பைலட் குச்சிய அசைச்சா கம்பி கயிறு எதுவும் இழுக்காம கம்ப்யூட்டர் வழியா கட்டளை போகும், இது வழக்கமான தயாரிப்புல வந்த முதல் ஹெலிகாப்டர் இதான். ரெண்டு ரகம்: தரைப்படைக்கு டிடிஎச், கடற்படைக்கு என்எஃப்எச். நார்வே எடுத்தது கடல் ரகம். 6 எண்ணம் போர்க்கப்பலுக்கு, நீர்மூழ்கி வேட்டைக்கு. 8 எண்ணம் கடலோரக் காவல்படைக்கு. காகிதத்துல பாத்தா உண்மையிலேயே அருமையான மெஷின், இத மறைக்க வேண்டிய அவசியம் இல்ல.

டெலிவரி தான் முதல் அடி. 2008க்குள்ள 14ம் கைக்கு வந்திருக்கணும், ஆனா முதல் ஹெலிகாப்டரே 2011லதான் வந்துச்சு, 2022ல கான்ட்ராக்ட ரத்து பண்ற அன்னிக்கு வந்ததுல முழு கான்ஃபிகரேஷன்ல, அதாவது எல்லா கருவியோடயும், இருந்தது வெறும் 8 தான். நடுவுல பழைய லிங்க்ஸ் ஹெலிகாப்டருக்கு வயசாகி 2014 டிசம்பர்ல ஓய்வு குடுத்துட்டாங்க. பழசு போயிடுச்சு, புதுசு வேலைக்கு தயாராகல. காவல்படை கப்பலுங்க ஹெலிகாப்டர் டெக்கோட, ஹேங்கரோட கட்டினதுங்க, நார்வேக்கு வடக்க இருக்கற பேரண்ட்ஸ் கடல்ல குளிர்காலத்துல பல மைல் தள்ளி ஒரு மீன்பிடி படகு சிக்கினா போய் தூக்கறதுக்கு அதுலேந்துதான் கிளம்பணும், அந்த ஹேங்கரு பாதி நாள் சும்மா கிடந்தா அந்த கப்பல கட்டினதுலயே பாதி அர்த்தம் போயிடுதுல்ல?

அடுத்து பறக்கற நேரம். நார்வேக்கு வருஷத்துக்கு 3,900 மணி நேரம் பறக்கணும்னு தேவை, கடைசி சில வருஷத்துல கிடைச்சது சராசரியா 700 மணி நேரம். வகுத்துப் பாருங்க, ஒரு ஹெலிகாப்டருக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வருது. பைலட்டுக்கு பயிற்சி குடுக்கறதுக்கே அது பத்தாது, அப்புறம் எங்க ரோந்து, எங்க நீர்மூழ்கி வேட்டை. ஸ்பேருக்கு காத்திருக்கறது, அடிக்கடி இன்ஸ்பெக்‌ஷன், ஏற்கனவே வந்தத திரும்பவும் அனுப்பி அப்டேட் பண்றது, இப்படியே காலம் போச்சு. சர்வீஸுங்கற ஒரே ஒரு விஷயத்துக்கு மார்க் போடச் சொன்னா நான் 5க்கு 1 தான் போடுவேன், அதுலயும் எனக்கு குற்ற உணர்ச்சி இல்ல.

கம்பெனிக்காரங்க சும்மா இருக்கல, இந்த ரத்து சட்டப்படி செல்லாதுன்னாங்க, இன்னும் குடுக்காம மிச்சம் இருக்கற கடைசி ஒண்ணையும் டெலிவரி பண்ண தயாரா இருக்கோம்னாங்க. விஷயம் கோர்ட்டுக்கு போச்சு. 2025 நவம்பர்லதான் ரெண்டு பக்கமும் சமரசத்துக்கு வந்தாங்க, நார்வேக்கு 30 கோடி யூரோவுக்கு மேல கிடைக்குது, ஹெலிகாப்டரும் ஸ்பேரும் கம்பெனிக்கே திரும்பிப் போகுது. பணம் ஓரளவு வந்துச்சு சரி, இருபது வருஷத்த யார் திருப்பித் தருவா?

இங்கதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சின்ன நாடு பத்து பதினாலு எண்ணம்தான் வாங்கும். நம்ம ஊருக்கு ரெண்டே பஸ் ஓடற ரூட்ல ஒண்ணு பிரேக்டவுன் ஆனா ஊரே நடந்து போகணும்ல, அதே நிலைமைதான் இது. ஒரு நாலு சர்வீஸ்ல நிக்கும், ரெண்டு ஸ்பேருக்கு நிக்கும், ஒண்ணு ரெண்டு பயிற்சிக்கு போகும், மிச்சம் என்ன இருக்கு? பெரிய நாட்டுல ஒரு மாடல் சொதப்பினா வேற மாடல் இருக்கும், வேற படைப்பிரிவு இருக்கும், சமாளிச்சிடுவாங்க. 55 லட்சம் பேர் இருக்கற நாட்டுல ஒரு மாடல் சொதப்பினா அந்த வேலைய செய்ய ஆளே இல்லாம போயிடும். கம்பெனிகிட்ட கூட, நூறு நூத்தம்பது எண்ணம் வாங்கற கஸ்டமருக்கு இருக்கற மரியாத பதினாலு வாங்கறவனுக்கு வரிசையில கிடைக்கறது கஷ்டம், இது என்னோட அபிப்பிராயம்தான் ஆனா ரொம்ப யோசிச்சுதான் சொல்றேன்.

தப்பு முழுக்க கம்பெனி மேலன்னும் என்னால சொல்ல முடியல. ஒவ்வொரு நாடும் எனக்கு இந்த ரேடார், எனக்கு அந்த எஞ்சின், எனக்கு இந்த சோனார் (ஒலி வெச்சு நீர்மூழ்கிய கண்டுபிடிக்கற கருவி)னு தனித்தனியா கேட்டு, பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள ஏகப்பட்ட வெர்ஷன் ஆகிடுச்சு. ஸ்வீடன் ஒரு படி மேல போய் உள்ள ஆளுங்க நிமிந்து நிக்கணும்னு கேபின் கூரையவே உயர்த்திக் கேட்டாங்க! கூரைய மாத்தினா டிசைன மாத்தணும், டிசைன மாத்தினா திரும்ப டெஸ்ட் பண்ணணும், சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்கான ஸ்பேரும் மேனுவலும் தனி. அந்த மாடல் தாமதமாகிட்டே போக, ஆப்கானிஸ்தான்ல இருந்த அவங்க வீரருங்களுக்கு அடிபட்டா தூக்கிட்டு வர சொந்தமா ஹெலிகாப்டர் இல்லாத நிலைமை வந்துச்சு. கடைசியில 2011ல அமெரிக்காகிட்ட 15 பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் வாங்கினாங்க, எந்த ஸ்பெஷல் மாற்றமும் பெருசா கேக்காம, முதல் ஹெலிகாப்டரு ஒரு வருஷத்துக்குள்ள கைக்கு வந்துச்சு, 2013ல ஆப்கானிஸ்தான்லயே பறந்துச்சு. அதே ஸ்வீடன், 2001ல ஆர்டர் பண்ண சரக்குக்கு பத்து வருஷமா காத்திருந்த அதே ஸ்வீடன்! 2022 நவம்பர்ல அவங்க தளபதியும் என்எச்90ய கைவிடலாம்னு பரிந்துரை பண்ணிட்டாரு.

தரம் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். நெதர்லாந்து 20 வாங்கினாங்க. கப்பல்ல ஏத்தி கடல் பக்கம் அனுப்பி வெச்சு திரும்பி வந்து பாத்தா எதிர்பாத்ததவிட ரொம்ப அதிகமா துரு. அவங்க நாட்டு விமான, விண்வெளி ஆய்வகமான என்எல்ஆர் சோதிச்சு, டிசைன்லயும் பொருத்தினதுலயும் நூறு குறை வரைக்கும் கண்டுபிடிச்சாங்க, 2014ல நெதர்லாந்து மிச்ச டெலிவரிய வாங்க மாட்டோம்னு நிறுத்தி வெச்சுட்டு, சரி பண்ணித் தரோம்னு உடன்பாடு ஆனதுக்கு அப்புறம்தான் திரும்ப வாங்க ஆரம்பிச்சாங்க. கப்பல்ல வெக்கறதுக்குன்னே செஞ்ச ஹெலிகாப்டருக்கு உப்புக்காத்து ஆகலன்னா அது மன்னிக்க முடியாத விஷயம். தரைப்படை மாடல்லயும் புகார் இருந்துச்சு, 2010ல ஜெர்மனியோட பில்ட் பத்திரிகையில வந்த ராணுவ அறிக்கையில சீட்டு 110 கிலோதான் தாங்கும்னு இருந்துச்சு. துப்பாக்கி, கவசம், பை எல்லாம் மாட்டின ஒரு வீரனோட எடைய யோசிச்சுப் பாருங்க. போர்ச்சுகல் 10 ஆர்டர் பண்ணிட்டு காசு நெருக்கடியில 2012ல ஒண்ணு கூட வாங்காமலே விலகிட்டாங்க, நஷ்டம் கட்டினதுதான் மிச்சம்.

சரி, இத வாங்கி நல்லா வெச்சிருக்கற சின்ன நாடே இல்லையான்னா, இருக்கு, நியூசிலாந்து. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பிடிச்ச பகுதி இதான். 2006ல 77.1 கோடி நியூசிலாந்து டாலருக்கு 9 வாங்கினாங்க, எல்லாம் தரைப்படை ரகம். அதுல பறக்கறது 8 தான். ஒன்பதாவத பிரிச்சு ஸ்பேருக்குன்னே வெச்சுக்கிட்டாங்க, கம்பெனி ஸ்டோர்லேந்து பார்சல் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ல. தொலைதூரத் தீவு நாடுன்னு அவங்களுக்கு அவங்க நிலைமை தெரிஞ்சிருக்கு. 1966லேந்து ஓடிட்டிருந்த பழைய இரோக்வாய் ஹெலிகாப்டரையும் புதுசு நல்லா பழகற வரைக்கும் விடல, 2015லதான் ஓய்வு குடுத்தாங்க. நார்வே லிங்க்ஸுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த கவனிங்க.

2016 நவம்பர்ல கைகூரா பூகம்பத்துல ரோடு ரயில் எல்லாம் துண்டிச்சுப் போனப்ப சிக்கின சுற்றுலாப் பயணிகள வெளிய கொண்டு வந்ததுல இந்த என்எச்90க்கு பங்கு இருக்கு. 2023 பிப்ரவரியில கேப்ரியல் புயல் ஹாக்ஸ் பே பகுதிய வெள்ளத்துல முக்கினப்ப, வீட்டுக் கூரை மேல ஏறி நின்ன குடும்பங்கள இதே மாடல்தான் கயிறு இறக்கி ஒவ்வொருத்தரா தூக்குச்சு. நார்வே வேண்டாம்னு எறிஞ்ச அதே பேரு ஹெலிகாப்டர்! அதனால மெஷினே குப்பைன்னு எழுதறவங்ககிட்ட எனக்கு உடன்பாடு இல்ல.

ஸ்பேருக்குன்னு தனியா எடுத்து வெக்கற இதே வழிய நியூசிலாந்து இன்னொரு தடவையும் பண்ணியிருக்கு. ஆஸ்திரேலியா 1997ல 11 சூப்பர் சீஸ்பிரைட் கடற்படை ஹெலிகாப்டர் ஆர்டர் பண்ணி, பழைய உடம்புல புது எலக்ட்ரானிக்ஸ் ஏத்தி, ரெண்டே பேர் ஓட்டற மாதிரி வேணும்னு கேட்டு, சாஃப்ட்வேர் சிக்கல்லயே வருஷக்கணக்கா இழுத்து, 100 கோடி டாலருக்கு கிட்ட செலவு பண்ணிட்டு 2008 மார்ச்ல திட்டத்தையே மூடிட்டாங்க. தயாரிச்ச காமான் கம்பெனி திரும்ப எடுத்துக்கிட்ட அந்த ஹெலிகாப்டருங்கள 2013ல நியூசிலாந்து 24.2 கோடி நியூசிலாந்து டாலருக்கு வாங்குச்சு, 10 எண்ணம், சிமுலேட்டரோட சேத்து. இங்கயும் அதே கணக்குதான், 8 பறக்க, 2 ஸ்பேருக்கு. அவங்க ஏற்கனவே பழைய சீஸ்பிரைட் ஓட்டிட்டிருந்ததால மெக்கானிக்கும் பைலட்டும் கையில இருந்தாங்க. அதுக்கும் வயசாகி ஸ்பேர் கஷ்டம் வர, 2025 ஆகஸ்ட்ல 5 எம்எச்-60ஆர் சீஹாக், அதாவது அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டர், வாங்கறதா அறிவிச்சிட்டாங்க.

நார்வேயும் 2023 மார்ச்ல போய் நின்னது அதே சீஹாக் கடையிலதான், 6 எண்ணம், சுமார் 1,200 கோடி க்ரோனர். நம்ம இந்தியக் கடற்படையும் 2020ல 24 வாங்கி, 2024 மார்ச்ல கொச்சியில அதுக்கு தனி ஸ்குவாட்ரன் ஆரம்பிச்சாச்சு. பல நாட்டுக்கு ஒரே மாதிரி போற சரக்குங்கறதால ஸ்பேரும் அனுபவமும் பொதுவா கிடைக்கும், சின்ன நாட்டுக்கு எந்த புது டெக்னாலஜிய விடவும் அது பெருசு.

இப்ப வாங்கற நெனப்புல இருக்கற சின்ன நாட்டுக்கு 5க்கு என் மார்க்: பறக்கற திறமைக்கு 4, கடல் மாடல் நம்பகத்தன்மைக்கு ஒண்ணரை, தரைப்படை மாடல் ஸ்டாண்டர்டா, கூட ஒரு உடம்பு ஸ்பேருக்குன்னு எடுத்தா 3. கடல் ரகத்த தனி மாற்றம் கேட்டு வாங்கவே வாங்காதீங்க, கான்ட்ராக்ட்ல பறக்கற மணி நேரத்துக்கு கம்பெனியப் பொறுப்பாக்கற ஷரத்து இல்லாம கையெழுத்து போடாதீங்க.

நார்வே கதை சீஹாக்கோட முடிஞ்சிடுச்சுன்னும் நெனைக்காதீங்க. 14 இருக்க வேண்டிய இடத்துல 6, அதுவும் முதல்ல காவல்படை வேலைக்குத்தான். 2018ல ஹெல்கே இங்ஸ்டாட்ங்கற நார்வே போர்க்கப்பல் ஒரு எண்ணெய் டேங்கர் கப்பல் மேல மோதி மூழ்கினதுக்கு அப்புறம் அந்த ரக அஞ்சு ஃப்ரிகேட் போர்க்கப்பல்ல நாலுதான் மிச்சம், அந்த நாலும் நீர்மூழ்கி வேட்டைக்குன்னு என்எச்90ய மனசுல வெச்சு கட்டினது. பக்கத்துல கோலா தீபகற்பத்துல ரஷ்யாவோட வடக்குக் கடற்படை நீர்மூழ்கிங்க நிக்குது, 2001ல எந்த வேலைக்காக இந்த ஆர்டர் குடுத்தாங்களோ அந்த வேலைக்கு அவங்க ஃப்ரிகேட்ல ஏத்த சொந்த ஹெலிகாப்டர் இன்னும் இல்ல.