அடாஃப்ரூட் ஐ2சி கேம்பேட்: கட்டளை நெறிமுறை ஒரு மதிப்பீடு

அடாஃப்ரூட் நிறுவனத்தின் சிறிய ஐ2சி (இரண்டு கம்பிகளில் சில்லுகள் தகவல் பரிமாறும் முறை) கேம்பேட், ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஆறு பொத்தான்களும் கொண்ட கையடக்கப் பலகை. 3 முதல் 5 வோல்ட் வரை எதிலும் இயங்கும். ஸ்டெம்மா கியூடி என்ற இணைப்புக் கேபிளைச் செருகினால் சாலிடரிங் தேவையில்லை. இதன் உண்மையான சிறப்பு, பொத்தான்களைக் கவனிக்கும் ஏடிடைனி816 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சில்லிலும், அதனுடன் உரையாட அந்நிறுவனம் வகுத்திருக்கும் சீசா என்ற நெறிமுறையிலும் இருக்கிறது.

நெறிமுறை மிகத் தெளிவானது. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பைட்டுகள்: முதலாவது எந்தப் பிரிவு என்பதையும், இரண்டாவது அந்தப் பிரிவில் என்ன வேலை என்பதையும் சொல்கின்றன. ஹெக்ஸ் 50 (பதினாறடிமான எண்) என்ற பலகையின் முகவரிக்கு 01, 04 என அனுப்பிச் சற்றே பொறுத்துப் படித்தால், எல்லாப் பொத்தான்களின் நிலையும் நான்கு பைட்டுகளில் ஒருசேரக் கிடைத்துவிடும். அழுத்தாத பொத்தானின் பிட் 1, அழுத்தினால் 0. உயர்பைட் முதலில் வருவதால் ஏ, பி, எக்ஸ், ஒய், செலக்ட் ஆகிய ஐந்தும் கடைசி பைட்டில் அமைய, 16ஆம் பிட்டான (எண்ணிக்கை 0இல் தொடங்கும்) ஸ்டார்ட் மட்டும் இரண்டாவது பைட்டில் தனியே நிற்கிறது. பலகையை இயக்கும் நிரலை (டிரைவர்) சொந்தமாக எழுதுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அழுத்தாத பொத்தானின் பிட்டை 1இல் நிறுத்திவைக்கும் புல்அப் கட்டளையைத் தொடக்கத்திலேயே அனுப்புவதும் கட்டாயம்.

ஜாய்ஸ்டிக்கைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவில்லை. 0 முதல் 1023 வரையிலான இரண்டு அச்சுகளின் மதிப்பையும் ஒரே கட்டளையில் பெற வழியில்லாததால், ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் ஆர்டுவினோ லைப்ரரி பொத்தான் வாசிப்புக்கு 250 மைக்ரோவினாடியும், அச்சு ஒன்றுக்கு 500 மைக்ரோவினாடியும் காத்திருக்கிறது; 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பைட்டுகள் கடந்துசெல்லும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு வாசிப்புக்கு ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடி இருப்பதால் இது தாராளமாகப் போதும். ஆனால் அதே ஐ2சி தடத்தில் திரையையும் இணைப்பவர்கள் நேரத்தைப் பங்கிடுவதில் கவனமாக இருக்க வேண்டும். பொத்தான் மாறும்போது மட்டும் தெரிவிக்கும் இன்டரப்ட் பின் இருப்பதால், ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் சுமையை ஓரளவு குறைக்கலாம்.

மைக்ரோகண்ட்ரோலருக்குள் ஓடும் நிரலின் மூலமும் திறந்த உரிமத்தில் கிடைப்பது பெரிய நன்மை. இரண்டு அச்சுகளையும் சேர்த்தனுப்பும் கட்டளையொன்று வேண்டுமென்றால், அதை நாமே எழுதி, சில்லில் நிரலை ஏற்றுவதற்கான யூபிடிஐ இணைப்பு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். நெறிமுறைகளை அடியிலிருந்து கற்க விரும்பும் மாணவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.