3,600 டாலர் பாலிசி, இப்போது தருவது 450

என்னோடு வேலை பார்த்த பெண் போன வாரம் கூப்பிட்டுக் கேட்டாள்: "அக்கா, ஹெச்.ஆர். ஃபார்ம்ல எல்.டி.டி.ன்னு ஒண்ணு இருக்கே, டிக் பண்ணட்டுமா?" லாங் டெர்ம் டிசெபிலிட்டி, அதாவது உடம்பு முடியாமல் நீண்ட காலம் வேலைக்குப் போக முடியாதபோது சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் காப்பீடு. பதில் சொல்ல ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதையே இங்கே எழுதிவைக்கிறேன். காப்பீட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவில் வேலை வழியாகக் கிடைக்கும் குரூப் பாலிசிகள் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவைதான்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் இருந்தவள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டுகளைப் பிடிக்கும் வாத நோய். சொட்டுச் சொட்டாகத் திரவம் அளக்கும் பிப்பெட்டின் தலையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஒரு காலை அழுத்தினேன், விரல் இறங்கியது, திரும்ப எழும்பவில்லை. இடது கையால் பிடித்து நிமிர்த்தினேன். அந்த மாதத்தோடு வேலை நின்றது.

முதல் 26 வாரம் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கான மாநில அரசின் தற்காலிகக் காப்பீடு தாங்கியது. ஏழாவது மாதம் எல்.டி.டி. தொடங்கியது. சம்பளம் மாதம் 6,000, அதில் 60 சதவீதம் 3,600. சொன்ன தேதியில் பணம் வந்தது. பிரீமியத்தை ஆபீஸே கட்டியதால் அந்த 3,600க்கு வரி உண்டு என்பது மட்டும் அப்புறம்தான் தெரிந்தது.

கூடவே கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். வேலை செய்ய முடியாதவர்களுக்கு மத்திய அரசாங்கம் தரும் உதவித்தொகையான சோஷியல் செக்யூரிட்டி டிசெபிலிட்டிக்கு நான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதற்கு ஆளையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், என் கைக்காசு போகாதாம். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். கூடவே இருந்த இன்னொரு தாளில், அரசாங்கப் பணம் வந்தால் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் உத்தேசமாக ஒரு தொகையை இப்போதே கழித்துக்கொள்வார்கள். அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிப்பு. மறுபரிசீலனையும் நிராகரிப்பு. கடைசியில் நீதிபதி முன் விசாரணை. வேலை நின்று 28 மாதம் கழித்து அனுமதி வந்தது: எனக்கு மாதம் 2,100, பதினைந்து வயது மகன் பேரில் 1,050. வீட்டில் பாயசம் வைத்தோம்.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஓர் அட்டவணை. மேல் வரியில் 3,600. கீழே கழித்தல் குறியோடு 2,100. அதற்கும் கீழே, கழித்தல் 1,050. மிச்சம் 450. நான் கேட்டேன்: "என் பணத்தைக் கழிப்பது சரி, பையன் பணம் எப்படி?" போனில் பேசியவர் பக்க எண்ணைச் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். 'குடும்பத்தினர் பெறும் உதவியும் சேர்த்து' என்று இருக்கத்தான் இருந்தது. 60 சதவீதம் என்பது அரசாங்கத்துக்கு மேல் அவர்கள் தருவது அல்ல, எல்லாம் சேர்ந்து தொடக்கூடிய உயரம்.

பழைய கணக்கு அதைவிடக் கொடுமை. கடந்த மாதங்களுக்கான நிலுவையையும் அரசாங்கம் கொடுத்தது, கம்பெனி அதைத் திருப்பிக் கேட்டது. எல்.டி.டி. முழுசாகக் கொடுத்த 22 மாதத்துக்கு, மாதம் 3,150 வீதம் 69,300. எனக்காக வாதாட அவர்கள் ஏற்பாடு செய்த பிரதிநிதியின் கட்டணம் 9,200ஐ அதில் விட்டுக்கொடுத்தார்கள். இலவசம் என்றது இதைத்தான். மீதி 60,100 திரும்பப் போனது. நிலுவையில் மகன் பங்கை அவன் கல்லூரிக்கென்று தனிக் கணக்கில் போட்டிருந்தேன், அதையும் துடைத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடிதம். எல்.டி.டி.யில் முதல் 24 மாதம் 'உன் வேலையைச் செய்ய முடியுமா' என்று பார்ப்பார்கள், பிறகு 'ஏதாவது வேலை முடியுமா' என்று. உட்கார்ந்து பார்க்கும் வேலை எனக்கு முடியும் என்று சொல்லி அந்த 450ஐயும் நிறுத்தினார்கள். எந்த வேலையும் முடியாது என்று அரசாங்கத்திடம் வாதாட ஆளனுப்பியவர்களும் இவர்களேதான்! அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. அப்பீலுக்கு 180 நாள். மருத்துவர் கடிதத்தையும் தீர்ப்பின் நகலையும் வைத்து எழுதினேன், 450 திரும்ப வந்தது.

அப்படியானால் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்ததில் எனக்கு என்ன லாபம்? மெடிகேர், அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீடு. உதவித்தொகைக்குத் தகுதியாகி 24 மாதம் முடிந்தால் அது தொடங்கும், எனக்குத் தீர்ப்பு வந்த கொஞ்ச நாளிலேயே அட்டை வந்தது. என் ஊசி மருந்தின் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். பிறகு, விலைவாசிக்காக வருடாவருடம் அரசாங்கம் ஏற்றித் தருவதை என் பாலிசி கழிப்பதில்லை. சின்னத் தொகைதான், ஆனால் என்னுடையது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அரசாங்கம் கைவிரித்த 22 மாதம் வாடகை கட்டியது இந்த பாலிசிதான், அதை மறுக்க மாட்டேன். ஒரு நட்சத்திரம் பையன் பணத்துக்காகப் போனது, இன்னொன்று அந்த 'உட்கார்ந்த வேலை' கடிதத்துக்காக.

அவளிடம் டிக் பண்ணச் சொன்னேன். வரி பிடித்த சம்பளத்திலிருந்து பிரீமியம் கட்டும் வழி இருந்தால் அதை எடு, பின்னால் வரும் பணத்துக்கு வரி இருக்காது என்றேன். முடிந்தால் சொந்தமாகத் தனி பாலிசி ஒன்றும் விசாரிக்கச் சொன்னேன், அவற்றில் பலவும் அரசாங்கப் பணத்தைக் கழிப்பதில்லை. "கழிக்கிறதைப் பத்திச் சொல்ற பக்கம் எது அக்கா?" என்றாள். என்னுடையதில் 17. உன் புத்தகத்தில் எங்கே என்று தேடிவிட்டுக் கூப்பிடு என்றேன்.