ஈரோட்டில் நடந்த தற்கொலைத் தடுப்புப் பயிற்சி: காசு கட்டிப் போகலாமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டலில் வார்டனாக இருக்கிறேன், கம்பெனியே காசு கட்டி அனுப்பியதால் போனேன். ஒருநாள் பயிற்சி. நடத்திய மேடம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பிஎச்டி காலத்திலிருந்து இன்றுவரை தற்கொலை அபாயம் ஒன்றைத்தான் ஆராய்ச்சி செய்கிறாராம். அதனால் ஒரு படிவம் தருவார், பிள்ளைகளுக்கு மார்க் போட்டு ஆபத்தானவர்களைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று எங்கள் ஹெச்ஆருக்கு நினைப்பு.

காலையிலேயே மேடம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். 2017இல் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளரின் குழு 50 வருடத்து ஆராய்ச்சியை, மொத்தம் 365 ஆய்வுகளை, ஒன்றாகப் போட்டு அலசியதில், யார் முயற்சி செய்வார் என்று முன்கூட்டிச் சொல்வது காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்ததாம். "நான் டாக்டர் பட்டம் வாங்குனதே இந்த மார்க் போடற வேலையிலதானுங்க" என்று சிரித்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மீதி நேரம் முழுக்க நேராகக் கேட்கும் பழக்கம்தான். கேட்டுப் பழக எனக்கு ஜோடியாக வந்தவர் பெருந்துறைப் பக்கம் ஒரு வாத்தியார், "மனசு சரியில்லையா கண்ணு, சாப்டியா" என்றே சுற்றிக்கொண்டிருந்தார், மேடம் விடவில்லை, "செத்துப்போலாம்னு நெனப்பு வருதா கண்ணு?" என்று அவர் வாய்விட்டுக் கேட்கிறவரை பக்கத்திலேயே நின்றார். கேட்டால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லையாம்.

அப்புறம் ஸ்டான்லி, பிரவுன் என்ற இருவர் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம். ஒரே தாள், ஆறு படிகள், பாதிக்கப்பட்டவர் தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும்: எனக்கு அந்த நினைப்பு எப்போது முற்றுகிறது, அப்போது என்ன செய்தால் தணிகிறது, யாரைக் கூப்பிடுவேன். கடைசிப் படி, ஆபத்தானது எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்வது. தோட்டங்காடு இருக்கிறவர்கள் பூச்சிமருந்தைச் சாளையில் கிடத்தாமல் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்.

குறை இல்லாமலில்லை. ஸ்லைடு அத்தனையும் ஆங்கிலம், மைக் கரகர. தாள் எழுதிப் பழக அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, நாளைக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கும் ஏற்பாடு இல்லை. மதியம் அரிசிம்பருப்பு சாதம், அதில் குறை சொல்ல முடியாது.

வார்டன், வாத்தியார், மில் சூப்பர்வைசர்கள் தாராளமாகப் போகலாம். வீட்டில் ஒருத்தர் இப்போதே அந்த நிலையில் இருந்தால் பயிற்சிக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், தனியாக விடாமல் கூட இருந்துகொண்டு 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.