ரிங்லெட் நாற்றுக்கடைத் தேயிலைக் கன்று: செடி நல்லது, மண் சரியில்லை

மலேசியாவின் கேமரன் மலை ஏறும் வழியில், ரிங்லெட் டவுனின் ரோட்டோர நாற்றுக்கடையில் தேயிலைக் கன்று ஒன்று 12 வெள்ளி (ரிங்கிட்). அந்த விலைக்குச் செடி தாராளம். ஆனால் எடுக்கும்போது கவனம் வேண்டும். 'கமேலியா' என்ற ஒரே பலகையின் கீழ் தேயிலையும், பூவுக்காக வளர்க்கும் ஜப்பானியக் கமேலியாவும் கலந்து நிற்கின்றன. பூச்செடியின் இலை தடிப்பு, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். தேயிலையின் இலை மெல்லிசு. நரம்பு பள்ளமாக ஓடும், ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். நுனிக் கொழுந்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் வெள்ளைப் பூனைமயிர் தட்டுப்படும். பூ இருந்தால் குழப்பமே இல்லை: தேயிலைப் பூ சின்னது, வெள்ளை, நடுவில் மஞ்சள் கேசரக் கொத்தோடு தலைகவிழ்ந்து தொங்கும்.

குறை மண்ணில்தான். காய்கறி நாற்றுக்குப் போடும் சுண்ணாம்பும் கோழி எருவும் கலந்த மண்ணையே இதற்கும் நிரப்புகிறார்கள். தக்காளிக்குச் சரி, தேயிலைக்கு அமில மண் வேண்டும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. சுண்ணாம்பு ஏறினால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பின்வரிசைக் கன்றுகளில் பாதி இந்தக் கோலம்தான். அதற்கு உரம் வாங்கி ஊற்றுவது காசுக்குக் கேடு, மண்ணைத்தான் மாற்ற வேண்டும்.

30 செ.மீ. தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய இலை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. விதைக்கன்றாக இருந்தால் ஆணிவேர் பையடியில் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிட்டு நடுங்கள். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள், நீர் தேங்கினால் வேர் அழுகும். தாழ்நிலத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனால் பிழைக்குமா? பிழைக்கும். சிலாங்கூர் புக்கிட் சீடிங்கில் தாழ்நிலத்திலேயே தேயிலை பயிராகியிருக்கிறது. மதிய வெயிலுக்கு மட்டும் நிழல் கொடுங்கள்.

கொழுந்தை வெயிலில் காயவைத்தாலே தேயிலை ஆகிவிடும் என்கிறார் கடைக்காரர். அதைக் கேட்டால் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, நிழலில் இரவு முழுக்க வாட விடுங்கள். காம்பை வளைத்தால் ஒடியக் கூடாது. ஒடிந்தால் இன்னும் வாடவில்லை, உருட்டும்போது இலை நொறுங்கும். சாறு கசியும்வரை 20 நிமிடம் உள்ளங்கையில் உருட்டி, ஈரத்துணி மூடி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். செம்பு நிறமும் பழ வாசனையும் வந்ததும் 100 டிகிரி சூட்டில் ஓவனில் மொறுமொறுவென்று காயும்வரை வைத்தெடுங்கள். துணி மூடி வைக்கும் நேரம் தாண்டினால் வாசனை போய்ச் சப்பென்றாகிவிடும். 100 கிராம் கொழுந்துக்கு 20 கிராம் சொச்சம் தேறும், பத்துக் கோப்பைக்கு வரும்.

பால் சேர்க்காத 'தே ஓ'வுக்கு அருமை. டின்பால் (இனிப்புக் கட்டிப்பால்) ஊற்றி ஆற்றும் 'தே தாரிக்'குக்கு ஆகாது. கையால் உருட்டிய இலையின் சாயம் டின்பாலுக்கு ஈடுகொடுக்காது, அதற்குக் கடைத்தூள்தான்.